ஓடுகிற வண்டியின் டைமிங் பெல்ட்

கதிர்,

நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப்பில் நீ கேட்ட கேள்விக்கு அப்பா உடனே பதில் போட்டுவிட்டார். நான் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். நீயும் அதைக் கவனித்திருப்பாய். உங்கள் ஹுப்பள்ளி கராஜ்காரர் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார், ஆனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதிகூட வண்டி ஓடவில்லை, இப்போதே மாற்ற வேண்டுமா, குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். "ஓடுற வண்டியில கை வைக்காத" என்று அப்பா எழுதினார். அதற்குக் கீழே நான் "மாத்திடு" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போட்டால், அப்பா ஒன்று சொல்கிறார் அம்மா ஒன்று சொல்கிறாள் என்று நீ சிரித்துவிட்டு, உனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டிருப்பாய். அப்பாவின் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடந்தது நிறைய. அதை உனக்கு நாங்கள் சரியாகச் சொன்னதே இல்லை. போனில் சொல்லலாமென்றால் நம் வீட்டில் எந்த மூலையிலிருந்து பேசினாலும் அடுத்த அறையில் கேட்கும். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்துவிட்டு ஸ்ருதிக்குக் கன்னடத்தில் சொல்.

முதலில் அவள் விஷயம். அடுத்த மாதம் சீமந்தத்துக்கு அவளை நீயே காரில் சிர்சியில் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாய். நல்லது, பஸ்ஸில் அந்த வளைவுகளில் அவளால் உட்கார முடியாது. ஆனால் அந்த வழியை உன் கல்யாணத்தின்போது நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் காடு, பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது. நீ கேட்டது பெல்ட்டைப் பற்றித்தான். ஆனால் நேற்றிலிருந்து என் கண்முன் நிற்பது அந்தப் பாதை. வயிற்றில் குழந்தையோடு ஒரு பெண் அந்தக் காட்டுக்கு நடுவில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது.

உன்னிடம் இருப்பது என்னுடைய இரண்டாவது கார். முதல் காரும் அதே மாடல், அதே டீசல். அது உனக்கு நன்றாக நினைவிருக்கும். நான் வீடு வீடாகப் போய் ஃபிசியோதெரபி செய்ய ஆரம்பித்த சமயத்தில் வாங்கியது. நம் வீடு இருக்கும் மல்லேஸ்வரத்திலேயே ஒரு வயதான அம்மாவுக்கு முழங்கால் பயிற்சி கொடுக்கப் போவேன். அவர் கணவர் இறந்த பிறகு வண்டி உறை போட்டபடி ஷெட்டிலேயே கிடந்தது. "நீயே எடுத்துக்கோம்மா, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போனதுதான், புதுசு மாதிரி இருக்கு" என்றார். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. சீட்டில் ஒரு கறை இல்லை. மீட்டரைப் பார்த்த அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அல்லவா, எண் சின்னதாக இருந்தால் அவருக்கு ஒரு நிம்மதி.

யஷ்வந்த்பூரில் ரஃபீக் பாய் கராஜில் காட்டினோம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார், டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று. எங்களுக்குத் தெரியாது. வண்டியை விற்ற அம்மாவுக்கும் தெரியாது. இஞ்சினுக்கு வெளியே ஓடி, மழைக்காலத்தில் கீச்சென்று கத்தும் பெல்ட் வேறு, இது வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இது மூடிக்குள்ளே இருக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. இஞ்சினின் அடிப்பகுதி சுற்றுவதற்கு ஏற்றபடி மேலே வால்வுகள் திறந்து மூட வேண்டும். அந்த இரண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது இந்தப் பட்டைதான். அது அறுந்தால் தாளம் தப்பிவிடும். மேலே ஏறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். "கிலோமீட்டர் கம்மிதான் மேடம், ஆனா ரப்பராச்சே. வண்டி நின்னாலும் அதுக்கு வயசாகும்" என்றார். புத்தகத்திலும் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் போட்டிருக்கிறது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று காட்டினார்.

அப்பா வேண்டாம் என்றார். உறுதியாகச் சொன்னார். ஒரு சத்தமில்லை, ஒரு கசிவில்லை, நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்றார். ரஃபீக் பாய் காசுக்காக வேலை தேடி வைக்கிறார் என்றுகூட வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா அப்படிப் பேசுகிற மனிதரில்லை என்று உனக்குத் தெரியும். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. எதனால் என்று சொல்கிறேன்.

உன் தாத்தாவை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். அவர் எப்படிப் போனார் என்று கேட்டால் "ஆஸ்பத்திரியில" என்பதோடு அப்பா நிறுத்திக்கொள்வார். தாத்தாவுக்கு ஹெர்னியா இருந்தது. வலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார். இப்போதே ஆபரேஷன் செய்துகொண்டால் பின்னால் தொந்தரவு இருக்காது என்று டாக்டர் சொன்னார். தாத்தாவுக்கு மனமில்லை. அப்போது காலேஜில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். தாத்தா தன் காலால் நடந்து உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் பேப்பர் வாங்கி வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போனாராம். மயக்க மருந்திலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. யார்மீதும் தப்பு சொல்ல முடியாது, ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்றார்கள். அந்த ஆயிரத்தில் ஒருவர் தன் அப்பாவாக இருந்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

கல்யாணமான புதிதில் ஒருமுறை மட்டும் இதை என்னிடம் சொன்னார். பிறகு பேசியதே இல்லை. ஆனால் நம் வீட்டில் எதையும் முன்கூட்டியே சரிசெய்ய விடமாட்டார், கவனித்திருக்கிறாயா? மிக்ஸி லேசாகச் சூடானாலும் ஓடும்வரை ஓடட்டும் என்பார். அவர் பல்லை டாக்டரிடம் காட்ட வைக்க நான் எவ்வளவு பாடுபட்டேன்! கஞ்சத்தனம் என்று நீ கிண்டல் செய்வாய். அது கஞ்சத்தனமில்லை கண்ணா. நன்றாக இருப்பதைத் திறந்தால் திரும்பி வராது என்ற பயம் அவருக்குள் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் ரஃபீக் பாய் சொன்னதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று நானும் சம்மதித்தேன். எனக்குப் பெல்ட்டைவிட அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த கோடையில் வசந்தா அத்தைக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய சோதனையாக இருந்திருக்கும் என்று இப்போது உனக்குப் புரியும். தாயில்லாமல் வளர்ந்தவருக்கு அந்த அக்காதான் எல்லாம். அத்தை நல்லபடியாக எழுந்து, வாக்கர் பிடித்து நடந்து, டிஸ்சார்ஜும் ஆனார். ஆனேக்கலில் அவர் வீட்டில் கொண்டுவிட நான்தான் வண்டி ஓட்டினேன். நீ அன்று காலேஜில் இருந்தாய். சாயங்காலம் நீ வந்தபோது "வழியில வண்டி நின்னுடுச்சு, இழுத்துட்டுப் போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னோம்.

நடந்தது இது. அத்தை முன் சீட்டில். சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி, தலையணை வைத்து, இடுப்பு மடங்காதபடி உட்கார வைத்திருந்தேன். அப்பா பின்னால், மடியில் மருந்துப் பையோடு. ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் அந்த நீள மேம்பாலத்தில் ஏறிவிட்டோம். காலை வெயில், எல்லா வண்டிகளும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. அத்தை ஆஸ்பத்திரி இட்லியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் டப் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ பிளாஸ்டிக் டப்பாவை மிதித்த மாதிரி. அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றுமில்லை. இஞ்சின் செத்துவிட்டது. ஸ்டியரிங் திடீரென்று கனத்துப்போனது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பிரேக் முதல் மிதிக்கு இறங்கியது, அடுத்த மிதிக்குக் கல்லாகிவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தபடியே வந்தது. இருந்த ஓட்டத்திலேயே உருட்டிக்கொண்டு இடது பக்கச் சுவரோரம் சேர்த்தேன். லாரி எங்களை உரசிக்கொண்டு போனபோது வண்டி ஒருமுறை ஆடியது. அத்தை என் தொடையைப் பிடித்துக்கொண்டார்.

மேம்பாலத்தில் ஓரமாக நிற்க இடம் எங்கே இருக்கிறது? பாதி வண்டி ஓடும் பாதையில்தான் நின்றது. நான் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். இஞ்சின் எதையும் பிடிக்காமல் வெறுமனே விர்ரென்று சுற்றியது. ரஃபீக் பாய்க்குப் போன் செய்தேன். அந்தச் சத்தத்தைச் சொன்னதுமே, இன்னொரு தரம் ஸ்டார்ட் செய்யாதீர்கள், எல்லோரும் வண்டியைவிட்டு இறங்கிச் சுவரோரம் நில்லுங்கள் என்றார். அத்தையால் எப்படி இறங்க முடியும்? அவரைத் தனியாக எழுப்பி நிற்க வைக்கவே நானும் வாக்கரும் வேண்டும். அந்தப் பக்கக் கதவோ சுவரை ஒட்டி நின்றது, பாதிகூடத் திறக்கவில்லை. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். சீட்டில் அவர் இல்லை.

நம் வீட்டுப் பக்கத்து மார்கோசா ரோட்டைக் கடக்கவே என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிற மனிதர் அவர். கண்ணாடியில் பார்த்தால், அத்தையின் சிவப்புச் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு, வரும் வண்டிகளுக்கு எதிராக நடந்து போய்க்கொண்டிருந்தார். நல்ல தூரம் போய் நின்று, சால்வையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்து வீச ஆரம்பித்தார். ஒரு பஸ் கடைசி நேரத்தில் ஒடித்துத் திரும்பியது. அவர் நகரவில்லை. "தம்பி எங்க?" என்று அத்தை கேட்டார். பின்னால் வண்டிகளுக்குக் கை காட்டுகிறார் என்றேன். "அவனா?" என்றார்.

ரோந்து வண்டி வரும்வரை அவர் அப்படியேதான் நின்றார். அதற்கு முன்பே ஒரு வாடகைக் கார் டிரைவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். ஹெப்பகோடியில் ஆட்களை ஏற்றப் போகிறவர், கன்னடக்காரப் பையன். அவரும் நானும் வண்டியை முன்னால் தள்ளிக் கதவு திறக்கும் அளவுக்கு விலக்கினோம். அத்தையை எப்படித் தூக்க வேண்டும், காலை எப்படி நீட்டியே வைக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தன் சீட்டைச் சாய்த்து வாங்கிக்கொண்டார். "ஏனூ ஆகல்ல அம்மா" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், ஒன்றும் ஆகாது என்று. அவருக்காகக் காத்திருந்தவர்களிடம் போனில் என்ன திட்டு வாங்கினாரோ, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு எங்கள் மூவரையும் ஆனேக்கல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போனார். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் நடக்கிறார், நம்மையெல்லாம் நடக்க வைக்கிறார்.

அன்று அத்தை வீட்டில் அப்பா அந்தச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். "நான்தானே வேணாம்னேன்" என்றார். நானும்தான் சரியென்றேன் என்றேன். "கதிர்கிட்ட சொல்லாத" என்றார். சொல்லவில்லை, இத்தனை வருடமாக.

இதைக் கேட்டதும் அப்பா சொன்னது தவறு, அம்மா சொல்வது சரி என்று நீ முடிவு கட்டிவிடுவாய். அவசரப்படாதே, மீதியையும் கேள். இஞ்சினைப் பிரித்து, வளைந்த வால்வுகளையெல்லாம் மாற்றி, பல வாரம் கழித்து ரஃபீக் பாய் கராஜிலிருந்து வண்டி வந்தது. வந்த வண்டி நடுங்கியது. சிக்னலில் நிற்கும்போது கப்பில் காபி இருந்தால் சிந்தும், அப்படி ஒரு நடுக்கம். அப்பாவும் அதைப் பார்த்தார். ரஃபீக் பாய் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனார். மறுபடி மூடியைக் கழற்றினார். பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்லி, தானே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். ஆக, அப்பாவின் பயம் வெறும் பயமில்லை. திறந்ததைத் தப்பாக மூடிவிட முடியும். அது நடக்கிறது, நம் வீட்டிலேயே நடந்தது.

அதன் பிறகுதான் இப்போது நீ வைத்திருக்கும் காரை வாங்கினேன். அதில் வருடக் கணக்கு முடிந்ததும் நானே சொல்லிப் பெல்ட்டை மாற்ற வைத்தேன். ரஃபீக் பாய் பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்தார். அப்பா அதை வாங்கி, வளைத்து, ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லை. "இது இன்னும் ஓடியிருக்கும்ல?" என்று கேட்டார். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. "ஓடியிருக்கலாம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். இந்த வேலையில் இது ஒன்றுதான் சங்கடம், கதிர். சரியான நேரத்தில் மாற்றினால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததால், மாற்றியது வீண் என்றே தோன்றும். எந்தக் காலையில் அது அறுந்திருக்கும் என்று நமக்குக் காட்ட யாரும் வரமாட்டார்கள்.

உன்னிடம் இருக்கும் பெல்ட் அன்று மாட்டியதுதான். அதற்குப் பிறகு ஊரடங்கு வந்தது, வண்டி மாதக்கணக்கில் நின்றது. அப்புறம் என் மணிக்கட்டு வலி, நான் மெட்ரோவில் போக ஆரம்பித்தேன், வண்டி வாசலிலேயே நின்றது. கிலோமீட்டர் குறைவாக இருப்பது இதனால்தான். வருடக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. உனக்குக் கொடுக்கும்போதே நான் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். கல்யாண வேலையில் விட்டுப்போயிற்று. குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்று வைக்காதே, சிர்சிக்குக் கிளம்பும் முன்பே மாற்று. சத்தம் வரட்டும், எண்ணெய் கசியட்டும் என்றும் காத்திருக்காதே. அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும், ஆனால் தெரியவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அன்று மேம்பாலத்தில் எங்களுக்கு எந்த முன்னறிவிப்பும் வரவில்லை. பெல்ட்டோடு அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும், கூடவே சுற்றும் சின்ன உருளையையும், வாட்டர் பம்ப்பையும் மாற்றச் சொல். எப்படியும் பிரிக்கிறார்கள், அதற்காக இன்னொரு தரம் பிரிக்க வேண்டாம். அந்தக் கராஜ்காரர் இந்த இஞ்சினில் இந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறாரா என்று நேராகக் கேள். தயங்கினால் வேறு இடம் பார். மாற்றிய பிறகு உடனே சிர்சிக்குப் புறப்படாதே. ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டு, நடுக்கம் இருக்கிறதா பார், பிறகு அவளை ஏற்று.

இதுவரை எழுதிவிட்டு, அப்பாவிடமே கொடுத்தேன். அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை அவருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பால்கனியில் உட்கார்ந்து படித்தார். தாத்தா விஷயம் வந்த பக்கத்தில் வெகு நேரம் இருந்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சால்வை விஷயமெல்லாம் எதற்கு எழுதினாய் என்று கேட்டார். அவனுக்குத் தெரியட்டும் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த ஹுப்பள்ளி ஆள் எப்படி, தெரிஞ்ச ஆளா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "கழட்டும்போது நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தா நல்லது" என்றார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உங்களால பார்த்துட்டு இருக்க முடியுமாங்க?"

"பார்த்துக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறார். டிக்கெட் எடுத்தாயிற்று. ஸ்டேஷனுக்கு நீயே போய் அழைத்துக்கொள். அவர் வரும் முன்னால் வண்டியைக் கராஜில் விட்டுவிடாதே, அவரும் கூடவே போகட்டும். வழியில் எதையும் கேட்காதே, தாத்தாவைப் பற்றி அவராகப் பேசினால் கேட்டுக்கொள், பேசாவிட்டால் விட்டுவிடு. கராஜில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல். மூடியைக் கழற்றியதிலிருந்து திரும்ப மாட்டி இஞ்சின் ஓடும் சத்தம் கேட்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். நீயும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

அம்மா